இணைப்பு மென்பொருள் எழுத வருகிறீர்களா? துண்டிப்பதிலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூரில் மாலை 4 மணிவாக்கில் வானம் கறுத்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் இடி இடிக்கும், கண்சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் போய் வரும், செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள ரூட்டர்கள் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும். மழை விட்டதும் கைப்பேசி அலறும். "அண்ணே, லைன் வரல."

அந்த "வரல"வுக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கணினியை இணையத்தோடு இணைத்துத் துண்டிக்கும் நிரல்தான் இணைப்பு மென்பொருள்; எந்தக் கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதும் அதன் வேலை. போன வருடம் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் முதல் நாளே கேட்டான்: "பயனர் பெயர், கடவுச்சொல், ஒரு பொத்தான். இதுக்கு எதுக்குண்ணே ஆறு மாசம்?" பொத்தானை அழுத்தினால் இணையும் என்கிற அளவுக்கு எழுதி முடிக்க அவனுக்கு இரண்டே நாள்தான் ஆனது. லைன் அறுந்ததைத் தெரிந்துகொள்வது, நாமே அறுக்கும்போது சுத்தமாக அறுப்பது, மறுபடி எப்போது முயல்வது என்று முடிவெடுப்பது ஆகிய மூன்றும்தான் மீதி மாதங்களைத் தின்றன. இந்த வழிகாட்டியும் அந்த விகிதத்தில்தான் இருக்கும்.

முதலில், கம்பியில் என்ன ஓடுகிறது

நம் ஊரில் டயல்அப் (தொலைபேசி லைனில் எண்ணை அழைத்து இணைவது) என்றால் வயதில் மூத்தவர்களுக்கு இரண்டு இணையச் சேவைகளின் எண்கள் நினைவுக்கு வரும். ஜாரிங்குக்கு 1511, டிஎம்நெட்டுக்கு 1515. மோடம் கீச்சிட்டு முடித்ததும் இரு முனைகளும் பேசிக்கொண்ட மொழி பிபிபி. 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் சேவை வந்து செம்புத் தொலைபேசிக் கம்பியில் ஏடிஎஸ்எல் என்ற அகலப்பட்டை ஓடியது. 2010 மார்ச்சில் யூனிஃபை சேவை வந்து கண்ணாடி இழை வீடுவரை வந்தது. கம்பி மாறியது, வேகம் மாறியது, பிபிபி மட்டும் மாறவில்லை. 1994-இல் ஆர்எஃப்சி 1661 ஆக (ஆர்எஃப்சி என்றால் இணைய விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆவணம்) எழுதி வைத்ததையே 1999-இல் ஆர்எஃப்சி 2516 ஈதர்நெட் உறைக்குள் போட்டுக் கொடுத்தது. அதன் பெயர் பிபிபிஓஈ. யூனிஃபை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பயனர் பெயர் கேட்கிறதே, அது இதற்காகத்தான்.

இந்த இரண்டு ஆவணங்களையும் படித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் எளிமைதான், இரண்டும் சேர்த்து ஒரு வாரம் போதும். டயல்அப் செத்த சமாச்சாரம் என்று அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யூஎஸ்பி 4ஜி மோடம்களில் பல இன்றைக்கும் மோடத்துக்கு இடும் பழைய ஏடி கட்டளைக்குத்தான் தலையாட்டுகின்றன. தொலைபேசி எண் இருந்த இடத்தில் நட்சத்திரம் 99 ஹேஷ் என்று போடுகிறோம், அவ்வளவே. லைன் இல்லை என்று சொல்லும் "நோ கேரியர்" என்ற பழைய பதிலும் அப்படியே வருகிறது.

தாளில் ஐந்து கட்டம் வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுங்கள். ஆர்எஃப்சி 1661 இணைப்பை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது: லைன் செத்திருக்கிறது, இரு முனையும் நிபந்தனை பேசுகின்றன, அடையாளம் சோதிக்கப்படுகிறது, ஐபி முகவரி வாங்கப்படுகிறது, இணைப்பு முடித்துவைக்கப்படுகிறது. ஐந்தையும் வட்டமாக வரைந்து, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புக்குறி போடுங்கள். பிபிபிஓஈ என்றால் இரண்டாம் வட்டத்துக்கு முன்னால் "மறுமுனையைத் தேடுதல்" என்று இன்னொரு வட்டம் வேண்டும்.

ஒவ்வொரு வட்டத்திலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பேன்? பதில் வராவிட்டால் எங்கே போவேன்? இந்த நேரத்தில் பயனர் "நிறுத்து" என்றால் என்ன செய்வேன்? இதே நேரத்தில் கேபிளை யாராவது பிடுங்கினால்? முதல் கேள்விக்கு ஆர்எஃப்சியே தொடக்க மதிப்பு தருகிறது. 3 வினாடிக்கு ஒரு முறை மறுபடி கேள், 10 முறைக்குப் பதில் இல்லையென்றால் விட்டுவிடு. மூன்றாவதும் நான்காவதும் யாரும் தரமாட்டார்கள், நாமே யோசிக்க வேண்டும். அந்தப் பையனின் நிரலில் "இணைந்தது", "இணையவில்லை" என்று இரண்டே நிலைகள்தான் இருந்தன. கடவுச்சொல் சோதனை நடக்கும்போது நிறுத்து பொத்தானை அழுத்தினால் திரை "துண்டிக்கப்பட்டது" என்று காட்டும், பின்னணியில் லைன் இணைந்துவிடும். மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்கிய டயல்அப் காலமாக இருந்தால் வீட்டில் அடிதடியே நடந்திருக்கும்.

வீட்டு லைனில் சோதிக்காதீர்கள்

வீட்டு லைனை வைத்துச் சோதித்தால் அம்மா பார்க்கும் தொடர் நின்றுபோகும் என்பது ஒரு பக்கம். மறுமுனை உங்கள் கையில் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். அது பதில் சொல்லாமல் இருந்தால், பாதியில் செத்துப்போனால், தப்பான பதில் சொன்னால் உங்கள் நிரல் என்ன செய்யும் என்று பார்க்கவே முடியாது.

ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுங்கள். அதற்குள்ளேயே இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனிக் கணினிபோல நடக்கும் பிணைய அறைகள்) உருவாக்கி, நடுவே வீத் என்ற மெய்நிகர் பிணைய இடைமுக ஜோடி ஒன்றைக் கம்பிபோல மாட்டுங்கள். ஒரு பக்கம் ஆர்பி-பிபிபிஓஈ தொகுப்பில் வரும் சர்வரை ஓட்டினால் அதுதான் உங்கள் சொந்த இணையச் சேவை நிறுவனம். மறுபக்கம் உங்கள் மென்பொருள். காசு செலவில்லை. வயர்ஷார்க்கை நடுவில் வைத்தால் போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் தெரியும்.

இணைவதைப் பத்து முறை பார்த்து மகிழ்ந்துவிட்டு உடனே கெடுக்கத் தொடங்குங்கள். சர்வரைச் சொல்லாமல் கொள்ளாமல் கொல்லுங்கள். தவறான கடவுச்சொல் கொடுங்கள். நெட்எம் கருவியால் ஐந்தில் ஒரு பாக்கெட்டைத் தொலையுங்கள். இணைந்திருக்கும்போது வீத்தின் ஒரு முனையைக் கீழே இறக்குங்கள். என்னிடம் இப்படி ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அது கொஞ்சம் வளரும்.

மறுமுனையைத் தேடுதல்

பிபிபிஓஈயில் நான்கு பாக்கெட்டில் முடிகிற சிறு நாடகம் இது. "யாராவது இருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கூவல், அது பாடி என்ற பாக்கெட். "நான் இருக்கேன்" என்று வரும் பதில் பாடோ. "சரி, உங்களோடேயே பேசுறேன்" என்பது பாடார். "இந்தாங்க, உங்க செஷன் எண்" என்பது பாட்ஸ். இந்த நான்கும் ஈதர்நெட்டில் ஹெக்ஸ் எண் 8863-இல் போகும். பிறகு ஓடும் தரவெல்லாம் 8864-இல். வயர்ஷார்க்கில் இந்த இரண்டு எண்ணையும் கண் தானாகத் தேடப் பழகிவிட்டால் பாதி வேலை சுலபம்.

புதியவர்கள் விட்டுவிடுவது ஹோஸ்ட்-யூனிக் என்ற சிறு குறி. நீங்கள் கூவும்போது அதில் உங்களுக்கென்று ஓர் எண்ணைப் போட்டு அனுப்பினால் பதிலிலும் அதே எண் திரும்பி வரும். வந்த பதில் இப்போதைய கூவலுக்கா, போன தடவைக்கா என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். மறுமுனை ஏசி-குக்கி என்று ஏதாவது கொடுத்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டாம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயம். யூனிஃபையின் இழைப் பெட்டியில் ரூட்டரைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியை மாட்டிக் கூவினால் பதிலே வராது. இணையம் அங்கே வீலேன் 500-இல் (ஒரே கம்பிக்குள் எண் குறியிட்டுப் பிரித்த தனிப் பாதை) ஓடுகிறது, தொலைக்காட்சி 600-இல். அந்த 500 என்ற குறியோடு கூவினால்தான் மறுமுனைக்குக் காது கேட்கும். லினக்ஸில் ஈதர்நெட் இடைமுகத்தின்மேல் 500 என்று ஒரு வீலேன் இடைமுகம் செய்து அதன்மேல் பிபிபிஓஈயை ஓட்டலாம். விண்டோஸில் பிணைய அட்டையின் டிரைவர் அனுமதித்தால்தான் உண்டு. என் முதல் சோதனையில் ஓர் இரவு முழுக்கக் கூவிக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை என்றதும் நிரலில்தான் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த இடங்களையும் கெடுத்து வைத்தேன்.

சுத்தமாகத் துண்டிப்பது

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மற்ற எதையும் எழுதும் முன் இதை எழுதிவிடுங்கள்.

துண்டிப்பு இரண்டு அடுக்காக நடக்க வேண்டும். முதலில் பிபிபி அடுக்கில் "முடித்துக்கொள்கிறேன்" என்று கேட்டு, மறுமுனை "சரி" என்று சொல்லும்வரை சில வினாடிகள் காத்திருக்க வேண்டும். பிறகு பாட் என்ற பாக்கெட் ஒன்று, செஷன் முடிந்தது என்று சொல்ல. இரண்டையும் செய்யாமல் நிரல் செத்துப்போனால் மறுமுனை உங்களை இன்னும் உயிரோடு இருப்பதாகவே கணக்கில் வைத்திருக்கும். உடனே மறுபடி இணைய முயன்றால், ஒரு கணக்குக்கு ஒரே செஷன் என்று கட்டுப்படுத்தும் இடங்களில் "நீதான் ஏற்கெனவே உள்ளே இருக்கியே" என்று கதவை அடைத்துவிடும். மின்சாரம் போய் வந்த பின் சில நிமிடம் லைன் ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரம் போனதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. பயனர் சன்னலை மூடியதற்கும் மடிக்கணினியை மடக்கியதற்கும் செய்யலாம்.

இணைக்கவும் துண்டிக்கவும் விண்டோஸே தரும் ராஸ் இடைமுகத்தை வைத்து எழுதுகிறவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. இணைக்கும் கட்டளையான ராஸ்டயல் தோல்வி அடைந்தாலும், அந்த முயற்சியைக் குறிக்கும் கைப்பிடி எண் ஒன்றைக் கொடுத்திருக்கும். தோல்விதானே என்று விட்டுவிடாமல் அதற்கும் துண்டிக்கும் கட்டளையான ராஸ்ஹேங்அப்பை அழைக்க வேண்டும். ராஸ்ஹேங்அப் அழைத்தவுடன் நிரலை மூடவும் கூடாது. உள்ளே வேலை முடிய நேரம் வேண்டும். 3 வினாடி காத்திருங்கள், அல்லது இணைப்பு நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கைப்பிடி செல்லாது என்று பதில் வந்த பிறகு வெளியேறுங்கள். அவசரப்பட்டால் போர்ட் பாதியில் மாட்டிக்கொண்டு, கணினியை மறுபடி தொடங்கும்வரை இணையாமல் அடம்பிடிக்கும்.

துண்டித்த பிறகு வீட்டைப் பெருக்குங்கள். இணைந்தபோது மாற்றிய இயல்புவழியும் (தரவு வெளியே போகும் வழி), தளப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகளும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மாற்றும் முன் பழையதை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், நிரல் இடையில் செத்தாலும் அடுத்த முறை தொடங்கும்போது சரிசெய்யலாம். நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால் நிரலோடு அதுவும் போய்விடும்.

அறுந்ததைத் தெரிந்துகொள்வது, மறுபடி முயல்வது

மோடம் காலத்தில் லைன் போனால் மோடமே சொல்லிவிடும். பிபிபிஓஈயில் உங்களுக்கும் மறுமுனைக்கும் நடுவே எத்தனையோ பெட்டிகள் உண்டு. நடுவில் ஒன்று செத்தால் உங்கள் பக்கத்து விளக்கு பச்சையாகவே எரியும். அதனால் "இருக்கீங்களா?" என்று கேட்கும் எக்கோ பாக்கெட் அனுப்பிப் பார்க்க வேண்டும். லினக்ஸில் பிபிபியை ஓட்டும் நிரலான பிபிபிடியில் எக்கோ இடைவெளி 20 வினாடி, தோல்வி 3 என்று வைத்தால், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் செத்த லைன் தெரியும். இன்னும் வேகமாகத் தெரிய வேண்டும் என்று 2 வினாடி வைக்கிறவர்கள் உண்டு. நெரிசலில் அடுத்தடுத்து மூன்று பாக்கெட் தொலைந்தாலே உயிரோடு இருக்கிற லைனை அறுத்துவிடுவார்கள்.

மறுபடி முயல்வதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். ஜாலான் ஈப்போ பக்கம் ஓர் அச்சகம், என் மென்பொருளை அங்கே போட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கடைக்காரர் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கணினியை ஓடவிட்டபடி வீட்டுக்குப் போய்விட்டார். என் நிரல் பழைய கடவுச்சொல்லோடு 3 வினாடிக்கு ஒரு முறை கதவைத் தட்டியது. திங்கள் காலை 9 மணிக்கு அவர் வந்து பார்த்தபோது லாக் கோப்பில் 46,000 முயற்சிகளுக்குமேல் இருந்தன, கணக்கு பூட்டப்பட்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. "மறுமுனை பதில் சொல்லவில்லை", "மறுமுனை என்னை வேண்டாம் என்றது" இரண்டையும் ஒரே தோல்வியாக எழுதியிருந்தேன்.

இப்போது இரண்டும் தனி. பதில் இல்லையென்றால் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவேன்: 5 வினாடி, 10, 20, 40, அதிகபட்சம் 5 நிமிடம். கூவலுக்குப் பதில் வராதபோது காத்திருப்பை இரட்டிப்பாக்கு என்று ஆர்எஃப்சி 2516-ம் சொல்கிறது, அப்போது நான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஒவ்வொரு காத்திருப்பிலும் கொஞ்சம் தற்செயல் வினாடிகளைச் சேர்ப்பேன். இடி விழுந்து ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுக்க மின்சாரம் திரும்பும்போது எல்லா வீடும் ஒரே வினாடியில் கூவக் கூடாது இல்லையா? கடவுச்சொல் மறுக்கப்பட்டால் மூன்றே முறை. பிறகு நின்று, மனிதரைக் கேட்கும். பிபிபிடியை வைத்து எழுதினால் அது வெளியேறும் எண்ணே இதைப் பிரித்துக் கொடுக்கிறது: 19 என்றால் அடையாளம் மறுக்கப்பட்டது, 15 என்றால் எக்கோவுக்குப் பதில் இல்லை, 16 என்றால் மோடம் துண்டித்தது, 5 என்றால் யாரோ வேண்டுமென்றே நிறுத்தினார்கள். 5 வந்தால் மறுபடி முயலவே கூடாது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன ரூட்டர் பலகைகள் பலவற்றில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. எழுந்திருக்கும்போது 1970 என்று நினைத்துக்கொண்டிருக்கும். லைன் ஏறியதும் இணையம்வழி நேரம் கேட்கும் என்டிபி வந்து நேரத்தைச் சரிசெய்யும், அரை நூற்றாண்டு ஒரே தாவலில் போகும். சுவர்க் கடிகார நேரத்தை வைத்து டைமர் எழுதியிருந்தால் அந்த நொடியே எல்லாக் காத்திருப்பும் "முடிந்தது" என்று கத்தி, இப்போதுதான் ஏறிய லைனை அறுக்கும். முன்னோக்கி மட்டுமே சீராக ஓடும் மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

திரையில் என்ன எழுதுவது

விண்டோஸ் பிழை எண்ணை அப்படியே திரையில் காட்டுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அழைத்தார். "தம்பி, அறுநூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னு போடுது. அவ்ளோ ரிங்கிட்டா பாக்கி இருக்கு? மாசாமாசம் கட்டிட்டுத்தானே இருக்கேன்?" அன்று மாலையே எல்லாச் செய்திகளையும் மாற்றி எழுதினேன்.

678 என்றால் மறுமுனையிலிருந்து பதில் இல்லை: "கேபிளும் இழைப் பெட்டியின் விளக்கும் சரியா என்று பாருங்கள்." 651 என்றால் மோடம் அல்லது இணைக்கும் வேறு கருவி பிழை சொல்கிறது. 691-இல்தான் கவனம் வேண்டும். கடவுச்சொல் தவறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கணக்கு முடக்கப்பட்டிருந்தாலும், மேலே சொன்ன பழைய செஷன் மறுமுனையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் அதே எண் வரலாம். "கடவுச்சொல் மாறவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து ஒரு முறை முயலுங்கள்" என்று ஒரு வரி சேர்த்ததில் எனக்கு வரும் அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன. எண்ணைச் செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் விட்டுவையுங்கள், தொலைபேசியில் கேட்க உதவும்.

பாதிப் பக்கம் திறக்கிறது என்ற புகார்

பிங் போகிறது, வாட்ஸ்அப் வருகிறது, ஏதோ ஒரு தளம் மட்டும் வெள்ளைத் திரையாக நிற்கிறது. இப்படிப் புகார் வந்தால் முதலில் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். ஈதர்நெட் ஒரு பாக்கெட்டில் 1500 பைட் தூக்கும். பிபிபிஓஈ தலைப்புக்கு 6, பிபிபிக்கு 2 போக நமக்கு மிஞ்சுவது 1492. இந்தக் குறைவு மறுமுனைத் தளத்துக்குத் தெரியாவிட்டால் அது 1500-க்கே அனுப்பும். பெரிது, நுழையாது என்று நடுவழியில் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால் இரு பக்கமும் காத்துக்கொண்டே நிற்கும்.

சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 சேர்ந்தால் சரியாக 1492. அது போய், 1465 போகாவிட்டால் கணக்கு சரி. தீர்வு, டிசிபி இணைப்பு தொடங்கும்போதே எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக மிஞ்சும் தரவின் அளவு) 1452-க்கு இறக்குவது. ஐபி6-இல் தலைப்பு பெரிது என்பதால் அங்கே 1432. இதைப் பயனருக்கு ஓர் அமைப்பாகக் காட்டாதீர்கள், தானாக நடக்கட்டும்.

வெளியிட்ட பிறகு

இணைப்பு மென்பொருளுக்கு ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம் தேவை. அதனால் அதை இரண்டாக உடைத்து எழுதுங்கள். அதிகாரத்தோடு ஓடும் சிறிய சேவை ஒன்று, பொத்தானும் படமும் காட்டும் சாதாரண நிரல் ஒன்று. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் நீளத்தை நம்பி நகலெடுக்கும் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். பிபிபிடியிலேயே அடையாளச் சோதனைக்கான ஈஏபி பாக்கெட்டைக் கையாளும் பகுதியில் இப்படி ஒரு ஓட்டை 2.4.2 முதல் 2.4.8 வரை எல்லாப் பதிப்புகளிலும் இருந்து, 2020-இல்தான் வெளியே வந்தது. கடவுச்சொல் தெரியாத ஒருவர்கூட அதன் வழியே உள்ளே புகலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. நீங்கள் சேர்த்துக் கட்டிய பிபிபிடியின் பதிப்பு எண்ணை உங்கள் "பற்றி" திரையில் காட்டுங்கள்.

ஊரில் நடப்பதையும் கவனியுங்கள். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவையை அணைத்துவிட்டார்கள். 3ஜி மட்டுமே தெரிந்த டாங்கிள்களை வைத்திருந்தவர்களுக்கு என் மென்பொருள் மறுநாளிலிருந்து "சிக்னல் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பொய் இல்லைதான். கருவியை மாற்றுங்கள் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கடைசியாக லாக். "லாக்கை அனுப்பு" என்று ஒரு பொத்தான் வையுங்கள், மக்கள் அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்புவார்கள். நேரம், எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்குப் போனது, பிழை எண் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கடவுச்சொல் எந்தச் சூழலிலும் இருக்கக் கூடாது. பிபிபிடி தன் லாக்கில் அதை இயல்பாகவே மறைத்துவிடும், உங்கள் நிரலும் மறைக்கிறதா என்று பாருங்கள். வயர்ஷார்க் பதிவைக் கேட்டு வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. அடையாளம் சோதிக்கும் பேப் முறையில் கடவுச்சொல் பச்சையாகவே கம்பியில் போகிறது, பதிவைத் திறந்தால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். அப்படி ஒரு கோப்பு உங்கள் கைக்கு வந்தால், வேலை முடிந்த அன்றே அதை அழித்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அவருக்கு ஒரு செய்தி போடுங்கள். மாற்றியதை மென்பொருளிலும் போடச் சொல்லுங்கள்.